நாஃப்டா யாருடைய வேலையைப் பறித்தது?

கேள்வி இது: தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் போட்டால் ஒரு நாட்டில் வேலைகள் கூடுமா, குறையுமா? டிரம்ப் ஜெயித்ததற்கு வட அமெரிக்க நாடுகளின் நாஃப்டா ஒப்பந்தம்தான் காரணம் என்கிறார்களே, அதில் எவ்வளவு உண்மை? இந்தியாவும் இப்போது வரிசையாக ஒப்பந்தங்கள் போடுகிறதே, நமக்கும் அதே கதி வருமா?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில், நாடு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் வேலைகள் பெரிதாகக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்பதுதான். பல பொருளாதார அறிஞர்கள் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. ஒருவருடைய வேலை நாட்டின் சராசரியில் இல்லை, அவருடைய ஊரில் இருக்கிறது. ஓட்டும் ஊர் ஊராகத்தான் எண்ணப்படுகிறது. லாபம் நாடு முழுக்கத் துளித் துளியாகப் பரவி, நஷ்டம் மட்டும் சில ஊர்களில் மொத்தமாக விழுந்தால், கணக்குப் புத்தகத்தில் எல்லாம் சரியாக இருக்கும், அரசியல் மட்டும் தலைகீழாகிவிடும். நாஃப்டாவின் முப்பது வருடக் கதையில் நான் பார்ப்பது இதைத்தான்.

நாஃப்டா என்பது அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் செய்துகொண்ட ஒப்பந்தம். 1992 டிசம்பரில் கையெழுத்தாகி, 1994 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மூன்று நாடுகளுக்கு இடையே சுங்க வரிகளைப் படிப்படியாக, சில பொருள்களுக்கு 15 வருடம் வரை அவகாசம் கொடுத்து, நீக்குவதுதான் அதன் மையம். பேச்சு நடத்தியது குடியரசுக் கட்சியின் மூத்த புஷ். நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிக் கொடுத்தது ஜனநாயகக் கட்சியின் பில் கிளிண்டன்.

அந்த வாக்கெடுப்பை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1993 நவம்பர் 17 அன்று பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 234, எதிர்ப்பு 200. கிளிண்டனின் சொந்தக் கட்சியில் ஆதரித்தவர்கள் 102 பேர், எதிர்த்தவர்கள் 156 பேர். குடியரசுக் கட்சியில் 132 பேர் ஆதரித்ததால்தான் அது பிழைத்தது. தொழிற்சங்கங்கள் கடைசி வரை எதிர்த்தன. அதற்கு முந்தைய வருடம் சுயேச்சையாக அதிபர் தேர்தலில் நின்ற தொழிலதிபர் ராஸ் பெரோ, இந்த ஒப்பந்தம் வந்தால் வேலைகளைத் தெற்கே உறிஞ்சி இழுக்கும் பெரிய சத்தம் கேட்கும் என்று விவாத மேடையில் சொன்னார். அவருக்குக் கிட்டத்தட்ட 19 சதவீத ஓட்டு கிடைத்தது. எதிர்ப்பக்கம் கிளிண்டன், 1995க்குள்ளேயே 2 லட்சம் புதிய வேலைகள் வரும் என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் அப்படியே நடக்கவில்லை. 1990களின் இரண்டாம் பாதியில் அமெரிக்கப் பொருளாதாரம் நன்றாக ஓடியது. 2000 வரை தொழிற்சாலை வேலைகள் சுமார் 1 கோடியே 70 லட்சம் என்ற அளவில் நின்றன, நடுவில் கொஞ்சம் ஏறவும் செய்தன. மொத்தத் தொகையை மட்டும் பார்த்தவர்கள் பெரோவின் பயம் பொய்த்தது என்று எழுதினார்கள்.

மொத்தத்துக்குள் என்ன நடந்தது என்று பார்க்க ஒரு விஷயம் தெரிய வேண்டும். மெக்சிகோவிலிருந்து வரும் பொருள்களுக்கு அமெரிக்கா விதித்த வரி நாஃப்டாவுக்கு முன்பே சராசரியில் குறைவுதான். ஆனால் துணி, ஆயத்த ஆடை, காலணி போன்ற சில சரக்குகளுக்கு மட்டும் வரி உயரமாக இருந்தது. அந்த மதில்தான் அந்த ஆலைகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஆலைகளோ நாடு முழுக்கச் சமமாகப் பரவியிருக்கவில்லை. வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா, அலபாமா, டென்னசி என்று தென்கிழக்கு மாநிலங்களின் சிறு நகரங்களில் குவிந்திருந்தன. ஒரு ஊர், ஒரு ஆலை, அந்த ஆலையை நம்பி மளிகைக் கடை, சலூன், பள்ளிக்கூடத்துக்கு வரி வருமானம். கோயம்புத்தூரிலும் ராஜபாளையத்திலும் நூற்பாலைக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதைக் கவுண்டி வாரியாக, அதாவது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு வாரியாக, நான்கு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து எழுதிய கட்டுரை அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் 2024ல் வெளிவந்தது. 1990ல் நாஃப்டாவால் அடிபடக்கூடிய தொழில்களை அதிகம் நம்பியிருந்த கவுண்டிகளையும் மற்றவற்றையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். அடிபட்ட கவுண்டிகளில் வேலைவாய்ப்பு, மற்றவற்றோடு ஒப்பிடும்போது 5 முதல் 8 சதவீதம் வரை குறைந்திருந்தது. இந்தச் சரிவு 1990களின் நடுவிலேயே, அதாவது சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்வதற்கு முன்பே, தொடங்கிவிட்டது. அப்புறம் மீளவும் இல்லை. இதற்கு முன் 2016ல் வந்த இன்னொரு ஆய்வு கூலியைப் பார்த்தது. மிகவும் பாதிக்கப்பட்ட தொழில்களில் இருந்த, பள்ளிப் படிப்பை முடிக்காத தொழிலாளர்களின் கூலி உயர்வு, பாதிக்கப்படாதவர்களைவிட 17 சதவீதப் புள்ளிகள் வரை பின்தங்கியது என்று அது கண்டது. நாட்டின் சராசரியில் கண்ணுக்கே தெரியாத ஒப்பந்தம், ஒரு தையல் தொழிலாளியின் சம்பளக் கவரில் இப்படித் தெரிந்தது.

வேலை போனால் வேறு ஊருக்குப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பாடப்புத்தகமும் அப்படித்தான் எதிர்பார்த்தது. நாற்பத்தைந்து வயதில், பாதிக் கடன் கட்டிய வீடு அதே ஊரில், ஆலை மூடியதால் அந்த வீட்டின் விலையும் விழுந்துவிட்டது, வயதான அம்மா பக்கத்துத் தெருவில். இவர் எங்கே போவார்? போகக்கூடியவர்கள் இளையவர்களும் படித்தவர்களும்தான். அவர்கள் போனதும் ஊர் இன்னும் மெலிந்தது.

சரி, நஷ்டப்பட்டவர்களுக்கு ஈடு செய்ய ஏற்பாடே இல்லையா? இருந்தது. இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கு உதவித்தொகையும் மறுபயிற்சியும் தரும் திட்டம் 1962லேயே தொடங்கியது. நாஃப்டாவுக்கென்று தனிப் பிரிவும் வந்தது. ஆனால் உதவி பெற, தன் வேலை வர்த்தகத்தால்தான் போனது என்று அரசு சான்றளிக்க வேண்டும். பலர் விண்ணப்பிக்கவே இல்லை. நான் சொன்ன 2024 ஆய்வும், அரசின் எல்லாவகை உதவிகளும் சேர்ந்து இழப்பில் சிறு பகுதியைத்தான் ஈடுகட்டின என்கிறது. டெக்ஸஸ் மாநிலத்தின் எல் பாசோ ஜீன்ஸ் தைத்த ஊர். ஆற்றைத் தாண்டினால் மெக்சிகோவின் சியூடாட் ஹுவாரெஸ். எல் பாசோவில் வேலை இழந்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள். வருடக்கணக்காகத் தையல் மெஷினில் உட்கார்ந்தவர்கள், ஸ்பானிய மொழி மட்டும் நன்றாகத் தெரிந்தவர்கள். அவர்களுக்கான மறுபயிற்சி முதலில் ஆங்கிலம் கற்பதில் தொடங்க வேண்டியிருந்தது. உதவிக்காலம் முடிவதற்குள் மொழியும் புதிய தொழிலும் கற்று முடிப்பது எத்தனை பேருக்குச் சாத்தியம்? அந்தத் திட்டமும் 2022 ஜூலையில் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. இந்த முழுக் கதையில் எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இதுதான். ஒப்பந்தத்துக்கு ஓட்டுக் கேட்டபோது கொடுத்த வாக்குறுதியே இந்த உதவிதான்.

இப்போது அரசியலுக்கு வருவோம். அடிபட்ட அந்தக் கவுண்டிகள் பரம்பரையாக ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவை. 1990களின் நடுவில் அவை விலகத் தொடங்கின. 2000ல் பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் அங்கே பெரும்பான்மை ஓட்டு குடியரசுக் கட்சிக்குப் போய்விட்டது. ஒப்பந்தத்தை அதிகம் ஆதரித்ததே குடியரசுக் கட்சி ஆயிற்றே, கோபித்துக்கொண்டவர்கள் அங்கே போனது எப்படி? எனக்குப் படுவது இது. தொழிலாளியின் பக்கம் நிற்கும் கட்சி என்பது ஒன்றுதான் அவர்களை ஜனநாயகக் கட்சியோடு கட்டிவைத்திருந்தது. துப்பாக்கி, தேவாலயம், கருக்கலைப்பு, இன விவகாரம் ஆகியவற்றில் அவர்கள் மனம் ஏற்கெனவே மறுபக்கம் சாய்ந்திருந்தது. கிளிண்டன் நாஃப்டாவை நிறைவேற்றும் சட்டத்தில் கையெழுத்திட்டதும் அந்த ஒரு கட்டு அறுந்தது. வர்த்தகத்தில் இரண்டு கட்சியும் ஒன்றுதான் என்றான பிறகு, மற்ற விஷயங்களில் தன்னோடு ஒத்துப்போகிற கட்சிக்குப் போவது இயல்பு. ஆய்விலும் இதற்கு ஆதாரம் இருக்கிறது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று நினைத்தவர்களே அந்த வருடங்களில் அதிகம் கட்சி மாறினார்கள். அவர்களிலும் வெள்ளையர்கள் (குறிப்பாக ஆண்களும் கல்லூரிப் படிப்பு இல்லாதவர்களும்), சமூக விஷயங்களில் பழமையை விரும்பியவர்கள் ஆகியோரின் மாற்றம் பெரிதாக இருந்தது.

எல் பாசோவை மறுபடி பாருங்கள். அதே மாதிரி வேலை போனது, அதே மாதிரி ஆலைகள் மூடின. ஆனால் அந்தக் கவுண்டி குடியரசுக் கட்சிக்கு மாறவில்லை, 2016லும் பெரிய வித்தியாசத்தில் ஜனநாயகக் கட்சிக்கே ஓட்டுப் போட்டது. ஆகவே வேலை இழப்பு தானாக ஒருவரை ஒரு கட்சிக்குத் தள்ளிவிடும் என்று சொல்வது பாதி உண்மை. அந்த இழப்பு யாருடைய வாழ்க்கையில், எந்த அடையாளத்தின் மேல் விழுகிறது என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

அடுத்து சீனா. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. 2000க்கும் 2010க்கும் இடையில் அமெரிக்கத் தொழிற்சாலை வேலைகள் 1 கோடியே 70 லட்சத்திலிருந்து 1 கோடியே 15 லட்சம் அளவுக்கு விழுந்தன. இதில் சீன இறக்குமதி, எந்திரமயம், 2008 நெருக்கடி மூன்றுக்கும் பங்கு உண்டு. வட கரோலினாவின் கன்னாபொலிஸ் நகரில் துண்டும் படுக்கை விரிப்பும் நெய்த பில்லோடெக்ஸ் நிறுவனம் 2003 ஜூலை 30 அன்று மூடியபோது, அந்த மாநிலத்தில் மட்டும் சுமார் 4,800 பேர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். அதை நாஃப்டாவின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமில்லை. ஆசியாவிலிருந்து வந்த சரக்குக்கும் நிறுவனத்தின் கடனுக்கும் அதில் பங்கு பெரிது. ஆனால் வேலை இழந்தவர் எது நாஃப்டா, எது சீனா என்று பிரித்துப் பார்த்துக் கோபப்பட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. வாஷிங்டனில் ஒப்பந்தம் போட்டார்கள், என் ஆலை மூடியது. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அது பொய்யும் இல்லை.

2016ல் டிரம்ப் நாஃப்டாவை மிக மோசமான ஒப்பந்தம் என்று ஊர் ஊராகச் சொன்னபோது, எதிரில் நின்றவர் ஹிலரி கிளிண்டன். மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து டிரம்ப்பின் வித்தியாசம் 80,000 ஓட்டுக்கும் குறைவு. மிச்சிகனில் மட்டும் பார்த்தால் 10,704. இவ்வளவு மெல்லிய வித்தியாசத்தில் எந்த ஒரு காரணத்தையும் தீர்மானித்த காரணம் என்று சொல்லிவிடலாம், எதையும் மறுக்கவும் முடியாது. அதனால் நாஃப்டாதான் டிரம்ப்பைக் கொண்டுவந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அவர் பேசியதைக் கேட்க இருபது வருடமாகக் காத்திருந்த ஒரு கூட்டத்தை நாஃப்டா உருவாக்கி வைத்திருந்தது, அவ்வளவு சொல்லலாம். அதே வருடம் மிச்சிகனில் நடந்த ஜனநாயகக் கட்சியின் உள்தேர்தலில் ஹிலரியை பெர்னி சாண்டர்ஸ் தோற்கடித்தார். அவரும் நாஃப்டாவை எதிர்த்து ஓட்டுப் போட்டவர்.

அமெரிக்கா இழந்தால் மெக்சிகோ ஜெயித்திருக்க வேண்டுமே என்று நினைப்போம். அங்கே கதை இன்னும் வருத்தமானது. எல்லையோரத் தொழிற்சாலைகள் பெருகின, கார் உற்பத்தி வளர்ந்தது. கார்னகி அறக்கட்டளையின் 2003ஆம் வருட அறிக்கைப்படி, 1994 முதல் 2002 வரை உற்பத்தித் துறையில் சுமார் 5 லட்சம் வேலைகள் கூடின. அதே காலத்தில் விவசாயத்தில் 13 லட்சம் வேலைகள் போயின. காரணத்தில் முக்கியமானது மக்காச்சோளம். மெக்சிகோவுக்கு அது உணவும் பயிரும் பண்பாடும். அமெரிக்க மாநிலம் அயோவாவில் அரசு மானியத்தோடு, ஆயிரம் ஏக்கரில் எந்திரம் வைத்து விளைவித்த சோளம், தெற்கு மெக்சிகோ மாநிலங்களான ஓஹாக்காவிலும் சியாபாஸிலும் மானாவாரி நிலத்தில் விளைந்த சோளத்தோடு விலையில் மோதியது. விவசாயிகள் பழகிக்கொள்ள 15 வருட அவகாசம் ஒப்பந்தத்தில் இருந்தது. நகரங்களில் உணவு விலை ஏறக்கூடாது என்று மெக்சிகோ அரசே, வரம்புக்கு மேல் வந்த சோளத்துக்கு வாங்கியிருக்க வேண்டிய வரியை வாங்காமல் விட்டது. காகிதத்தில் இருந்த பாதுகாப்பை அவர்கள் அரசே கைவிட்டது.

ஒப்பந்தம் அமலுக்கு வந்த அதே 1994 ஜனவரி 1 அன்று சியாபாஸில் பழங்குடி விவசாயிகளின் கிளர்ச்சி இயக்கமான சபதிஸ்தாக்கள் ஆயுதம் எடுத்ததைத் தற்செயல் என்று யாரும் நினைக்க வேண்டாம், நாளைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். கிராமப் பொது நிலங்களைத் தனியாருக்கு விற்க வழிவிட்ட 1992 அரசியல் சட்டத் திருத்தமும் அவர்கள் கோபத்துக்குக் காரணம். வருடக் கடைசியில் பெசோ நாணயம் சரிந்தது. நாஃப்டா வந்தால் ஆட்கள் வருவது குறையும், பொருள்கள்தான் வரும் என்று இரண்டு நாட்டுத் தலைவர்களும் சொல்லியிருந்தார்கள். அமெரிக்காவில் ஆவணமில்லாமல் வாழ்ந்த மெக்சிகோக்காரர்கள் 1995ல் சுமார் 29 லட்சம், 2007ல் 69 லட்சம் என்கிறது பியூ ஆய்வு மையம். எல்லோரும் சோளத்தால் வந்தவர்கள் இல்லை, நாணயச் சரிவும் அமெரிக்காவில் கிடைத்த கூலியும் இழுத்தன. ஆனாலும் டிரம்ப்பின் இரண்டு பெரிய முழக்கங்கள், போன வேலையும் வந்த ஆட்களும், ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு பக்கத்தைத் தொட்டன. ஓஹாக்காவில் நிலத்தை விட்டவரும் கரோலினாவில் தறியை விட்டவரும் எதிரிகளாக நிறுத்தப்பட்டார்கள்.

கனடாவைப் பற்றி ஒரே ஒரு ஆய்வு. அது அமெரிக்காவோடு தனியாகப் போட்ட ஒப்பந்தம் 1989லேயே அமலுக்கு வந்தது. பொருளாதார அறிஞர் டேனியல் ட்ரெஃப்லர் கண்டபடி, வரி மிக அதிகம் வெட்டப்பட்ட கனடியத் தொழில்களில் வேலை 12 சதவீதம் குறைந்தது, உற்பத்தித் திறன் 15 சதவீதம் உயர்ந்தது. இரண்டும் உண்மை, இரண்டும் ஒரே காரணத்தால் வந்தவை: திறன் குறைந்த ஆலைகள் சுருங்கின. ஒப்பந்தத்தை ஆதரிப்பவர்கள் இரண்டாவது எண்ணை மட்டும் சொல்வார்கள், எதிர்ப்பவர்கள் முதல் எண்ணை மட்டும்.

நாஃப்டாவுக்குப் பதில் வந்த புதிய ஒப்பந்தம் 2020 ஜூலையில் அமலானது. அது பிரதிநிதிகள் சபையில் 385க்கு 41 என்று நிறைவேறியது, தொழிற்சங்கக் கூட்டமைப்பும் ஆதரித்தது. 1993ஓடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் என்ன? வரியில்லாமல் எல்லை தாண்டும் காரின் மதிப்பில் 40 முதல் 45 சதவீதம், சராசரியாக மணிக்கு 16 டாலராவது வாங்கும் தொழிலாளர்கள் செய்ததாக இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. ஒரு ஆலையில் சங்க உரிமை மறுக்கப்பட்டால் அந்த ஆலையின் மேலேயே விரைவாகப் புகார் செய்யும் வழியும் வந்தது. மெக்சிகோவின் சிலாவோ நகரில் உள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 2021ல் நடந்த சங்க வாக்கெடுப்பில் முறைகேடு என்று இந்த வழியில் புகார் எழுந்தது. மறுவாக்கெடுப்பு நடந்து, 2022 பிப்ரவரியில் சுயேச்சையான சங்கம் ஒன்று பெரும்பான்மையோடு ஜெயித்து, 8.5 சதவீதக் கூலி உயர்வு வாங்கியது. வர்த்தக ஒப்பந்தம் கூலியை இறக்கத்தான் செய்யும் என்பது விதியில்லை, எழுதுகிறவர் யாரை மனதில் வைத்து எழுதுகிறார் என்பதைப் பொறுத்தது. இதையும் 2025ல் டிரம்ப் தானே போட்ட கூடுதல் வரிகளால் ஆட்டிவைத்தது வேறு விஷயம்.

இனி இந்தியா. நம்மிடம் இந்த அரசியல் புதிதில்லை. தென்கிழக்கு ஆசியாவின் ஆசியான் கூட்டமைப்பு நாடுகளோடு சரக்கு வர்த்தக ஒப்பந்தம் 2009 ஆகஸ்டில் கையெழுத்தானதும், ரப்பர், மிளகு, தேங்காய் விலை விழும் என்று கேரளத்தில் இடதுசாரிகள் அந்த அக்டோபர் 2 அன்று காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி அமைத்தார்கள். 2019 நவம்பரில் சீனாவும் இருந்த ஆர்சிஇபி என்ற ஆசிய-பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து இந்தியா கடைசி நேரத்தில் விலகியதில் பால் உற்பத்தியாளர்களின் எதிர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தத்தில் பால் பொருள்கள், ஆப்பிள், சமையல் எண்ணெய் ஆகியவற்றை இந்தியா வெளியே வைத்ததும் அதே கணக்கில்தான்.

அந்த ஒப்பந்தத்தில் திருப்பூருக்குத் தெளிவான லாபம் இருக்கிறது. பிரிட்டனுக்குப் போகும் நம் பனியனுக்கும் சட்டைக்கும் 8 முதல் 12 சதவீதம் வரை வரி, வங்கதேசச் சரக்குக்கு வரியே இல்லை என்ற நிலையில்தான் இத்தனை வருடம் போட்டி போட்டார்கள். அந்த வரி நீங்குகிறது. லாபமும் இப்படி ஓரிடத்தில் குவிவதுண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

நஷ்டம் எங்கே குவியும் என்பதைத்தான் யாரும் ஊர் பெயரோடு சொல்வதில்லை. ஐரோப்பிய மெஷின், பிரிட்டிஷ் கார், ஆஸ்திரேலிய ஒயின் என்று வரி இறங்கும் பட்டியல் ஒவ்வொன்றுக்கும் எதிரில், இங்கே அதையே செய்யும் ஏதோ ஒரு தொழிற்பேட்டை இருக்கும். எந்தப் பொருளுக்கு எத்தனை வருடத்தில் வரி இறங்குகிறது என்ற அட்டவணை ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் வெளிப்படையாகவே இருக்கிறது. அதை மாவட்டவாரித் தொழில் கணக்கோடு பொருத்திப் பார்த்தால், எங்கே அடி விழும் என்று முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடலாம், அமெரிக்க ஆய்வாளர்கள் பின்னால் திரும்பிப் பார்த்துச் செய்ததும் அதைத்தான். குறைபாடுகளோடாவது அமெரிக்காவில் அறுபது வருடம் இருந்த அந்த உதவித் திட்டம் போல, ஒப்பந்தத்தால் வேலை இழந்தவர் என்று ஒருவரை அடையாளம் கண்டு உதவும் ஏற்பாடு இந்தியாவில் இதுவரை இல்லை. அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் உங்கள் தொகுதி எம்.பி.யிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த ஏற்பாட்டுக்கு எவ்வளவு பணம் ஒதுக்கப் போகிறார்கள் என்பதுதான்.